காந்திக்கு ஏன் ‘கீ’?

இந்தியில் ஒரு சொல்லும் தெரியாத தமிழர்கள்கூட விடுதலைப் போராட்டக் காலத்தில் தொண்டை கிழியக் கூவிய இந்தித் தொடர் ஒன்று உண்டு: ‘மகாத்மா காந்தி கீ ஜே!’ பஜனை மடங்களில் சீதாராமனுக்கும் இதே ‘கீ ஜே’தான். அந்தக் கூவலிலிருந்துதான் ‘ஜே போடுவது’ என்று தமிழில் ஒரு வழக்கே வந்தது. கூவியவர்களுக்குப் பொருள் விளங்கியது. இடையில் நின்ற ‘கீ’யை யாரும் விசாரிக்கவில்லை. பின்னாளில் இந்தி டியூஷனில் உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் அது உறுத்தியிருக்கும். தமிழின் ‘உடைய’ என்பதற்கு இந்தியில் ஆண்பாலுக்குக் ‘கா’, பெண்பாலுக்குக் ‘கீ’ என்று பாடத்தில் இருக்கிறது. காந்தி ஆண். பிறகு ஏன் ‘காந்தி கீ’?

விடை சுருக்கமானது. ‘கீ’ காந்தியைப் பார்க்கவில்லை. தனக்குப் பின்னால் வரும் ‘ஜய்’ என்ற சொல்லைப் பார்க்கிறது; நாம் ‘ஜே’ என்று கூவியது அதைத்தான். ‘ஜய்’ இந்தியில் ஸ்த்ரீலிங், அதாவது பெண்பால். யாருடைய வெற்றியானாலும் ‘கீ’தான். இந்த விடையோடு ஆசிரியர்கள் நிறுத்திக்கொள்வார்கள். வெற்றி எப்படிப் பெண் ஆயிற்று என்று பிள்ளை அடுத்துக் கேட்டால், ‘அப்படியே மனப்பாடம் பண்ணு’ என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலிலும் தவறில்லை. கோளாறு, பாடநூல் ‘லிங்க்’ என்ற கலைச்சொல்லைத் தமிழில் பெயர்த்த விதத்தில் இருக்கிறது. ‘புல்லிங் – ஆண்பால், ஸ்த்ரீலிங் – பெண்பால்’ என்று எழுதியதும், தமிழ்ப் பிள்ளை நாற்காலியிடம் பெண்மையைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

‘லிங்க’ என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் அடையாளம், குறி. தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் நேரே சிவன் கோயில் கருவறையைத்தான் நினைவூட்டும். அங்கேயும் உருவமில்லாத ஒன்றுக்கு நிற்கும் குறி என்றே சைவர் விளக்குவார்கள். தர்க்க நூல்களில் இந்தச் சொல்லின் வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஊகிக்கும்போது, புகைதான் நெருப்பின் லிங்கம். ஆயுர்வேதத்தில் நோய் இன்னதென்று காட்டும் குறிகளும் லிங்கம்தான். எங்கு போனாலும் சொல் ஒன்றையே சொல்கிறது: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அறிவிக்கும், கண்ணுக்குத் தெரிகிற குறி. இலக்கணக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்தபோதும் அதே பொருளில்தான் எடுத்தார்கள். அமரசிம்மன் செய்த நிகண்டை நாம் அமரகோசம் என்கிறோம். நூலின் இயற்பெயர் ‘நாமலிங்கானுசாசனம்’, அதாவது பெயர்களையும் அவற்றின் லிங்கங்களையும் கற்பிக்கும் நூல். சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் போதாது, லிங்கமும் தெரிய வேண்டும் என்ற கவலை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

கவலைக்குக் காரணம் உண்டு. மனைவியைக் குறிக்கும் மூன்று வடசொற்களைப் பாருங்கள். ‘தார’ ஆண்பால், அதுவும் பன்மையில்தான் வரும். ‘களத்ர’ மூன்றாவது லிங்கமான நபும்சகம். ‘பார்யா’ பெண்பால். ஒரே பெண்மணி, மூன்று லிங்கம்! மூன்று சொற்களும் தமிழுக்கு வந்திருக்கின்றன. இரண்டாம் தாரம் என்கிறோம், சோதிடர் களத்திர தோஷம் என்கிறார், பழைய உரைநடையில் பாரியாள் வருகிறாள். தமிழுக்குள் நுழைந்ததும் லிங்கங்கள் உதிர்ந்துபோயின. தமிழ் ஆளைப் பார்த்துப் பால் சொல்லும் மொழி. சொல்லைப் பார்த்துச் சொல்வதில்லை.

இந்தக் குழப்பத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தில் எடுத்து அலசியிருக்கிறார். உடலுறுப்பையும் முடியையும் பார்த்து ஆண், பெண் என்று உலகம் தெரிந்துகொள்கிறதே, இலக்கணத்துக்கும் அதுவே போதாதா என்று ஒரு கட்சியை முதலில் நிறுத்துகிறார். அப்படியானால் மேடையில் பெண்வேடம் கட்டிய நடிகனுக்குப் பெண்பால் விகுதி சேர்க்க வேண்டிவரும் என்று ஒரு தடை எழுகிறது. அடுத்து இன்னும் பெரிய தடை: கட்டிலும் மரமும் என்ன ஆவது? ‘கட்வா’ என்ற கட்டில் பெண்பால், ‘விருக்ஷ’ என்ற மரம் ஆண்பால். இரண்டிலும் எந்த உறுப்பும் தெரியவில்லையே! நம் டியூஷன் பிள்ளை கேட்ட கேள்விதான். பதஞ்சலி இதற்குத் தத்துவ முறையில் ஒரு விளக்கம் தருகிறார். அது எல்லோருக்கும் நிறைவு தராது. ஆனால் இந்த விவாதத்தில் இன்னொரு கருத்தும் வருகிறது: லிங்கத்தை விதி போட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை, அது உலக வழக்கைச் சார்ந்து நிற்பது. டியூஷன் ஆசிரியரின் ‘மனப்பாடம் பண்ணு’ என்பதற்கு இவ்வளவு பழைய ஆதரவு இருக்கிறது.

அந்தக் கட்டிலை இன்னும் கொஞ்சம் பின்தொடரலாம். ‘கட்வா’ தேய்ந்து இந்தியில் ‘காட்’ ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலேயர் எடுத்துப்போய்க் ‘காட்’ என்றே தம் மொழியில் வைத்துக்கொண்டார்கள். பின்னோக்கிப் போனால், வடமொழிக் ‘கட்வா’வே தமிழ்க் ‘கட்டில்’ போன்ற ஒரு திராவிடச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் நம்மிடம் அஃறிணையாகக் கிடந்த கட்டில் வடக்கே போய்ப் பெண்ணாகி, இன்றுவரை இந்தியில் பெண்ணாகவே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ‘இன்றுவரை’தான். ‘கட்வா’வில் பெண்பாலைக் காட்டியது ஈற்றில் இருந்த நெடில் ‘ஆ’. அந்த ‘ஆ’ உதிர்ந்து ‘காட்’ என்று நின்ற பிறகு சொல்லில் எந்தக் குறியும் இல்லை. ‘நித்ரா’ ‘நீந்த்’ ஆயிற்று. ‘சந்த்யா’ ‘சாஞ்ஜ்’ ஆயிற்று. ‘ஜிஹ்வா’ ‘ஜீப்’ ஆயிற்று. ‘லஜ்ஜா’ ‘லாஜ்’, ‘பிக்ஷா’ ‘பீக்’, ‘ராத்ரி’ ‘ராத்’. எல்லாம் வாலிழந்த சொற்கள், எல்லாம் இன்னும் ஸ்த்ரீலிங். குறி சொல்லைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அடுத்த சொல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘லம்பீ ராத்’ என்றால் நீண்ட இரவு. ‘லம்பீ’யின் ஈகாரம்தான் ‘ராத்’தின் லிங்கத்தைச் சொல்கிறது. புகை ஓரிடம், நெருப்பு ஓரிடம்.

இந்தி இலக்கணத்தின் சொல்வகைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், தொடக்கநிலை மாணவனுக்குப் பாதி பயம் போய்விடும். பெயர்ச்சொல்லுக்கு ‘சங்க்யா’ என்று பெயர். லிங்கம் அதனுடையது, ஆனால் பல சமயம் அது வெளியே காட்டாது. ‘விசேஷண்’ என்னும் அடைச்சொல்லுக்குச் சொந்த லிங்கம் கிடையாது, ஆனால் அதுதான் காட்டிக்கொடுக்கும்: ‘அச்சா லட்கா’ (நல்ல பையன்), ‘அச்சீ கிதாப்’ (நல்ல புத்தகம்). ‘கா, கே, கீ’யும் இந்த வகையில்தான் நடக்கிறது, அதனால்தான் அது பின்னால் வரும் சொல்லுக்கு வளைகிறது. எல்லா அடைச்சொல்லும் வளையாது. ‘லால்’ என்ற சிவப்பு எல்லாவற்றுக்கும் ‘லால்’தான். ‘ஆ’வில் முடிவதுதான் மாறும்.

‘சர்வநாம்’ என்ற சுட்டுப்பெயரில் தமிழனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அவன், அவள், அது மூன்றுக்கும் இந்தியில் ஒரே ‘வஹ்’. வடமொழியில் இவை மூன்றும் தனித்தனியே இருந்தன, வழியில் கலந்துவிட்டன. நாற்காலிக்கும் பால் வைத்துக்கொண்டிருக்கும் மொழி, மனிதரைச் சுட்டும் சொல்லில் அதைக் கைவிட்டிருக்கிறது. நாமோ அங்கேதான் மிகக் கண்டிப்பு. இதற்கு நேர்மாறாகத் தமிழில் ‘நான் போகிறேன்’ என்று சொன்னால் சொன்னவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியில் ஆண் ‘மைன் ஜாதா ஹூன்’ என்கிறான், பெண் ‘மைன் ஜாதீ ஹூன்’ என்கிறாள். தன்மையில் லிங்கம் சொல்லிப் பழகாத தமிழ்ப் பெண்கள் புதிதாக இந்தி பேசும்போது ‘ஜாதா ஹூன்’ என்று சொல்லிக் கேலிக்கு ஆளாவது இதனால்தான்.

வினைச்சொல்லான ‘க்ரியா’வில் லிங்கம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பழைய வடமொழி வினைமுற்றில் லிங்கம் கிடையாது. ‘கச்சதி’ என்றால் அவனும் போகிறான், அவளும் போகிறாள், அதுவும் போகிறது. இந்தி அந்த வினைமுற்றுகளில் பெரும்பாலானவற்றைத் தொலைத்துவிட்டது. அவற்றின் இடத்தில், அடைச்சொல் போல நடக்கும் எச்ச வடிவங்களை உட்கார வைத்தது. ‘சென்ற’ என்னும் பொருள் தரும் ‘கத’ என்பதன் வழிவந்ததுதான் ‘கயா’. அடைச்சொல் என்றால் லிங்கத்துக்கு வளைய வேண்டுமே! ஆகவே ‘லட்கா கயா’, ‘லட்கீ கயீ’. இறந்தகாலத் துணைவினையான ‘தா’, ‘நின்ற’ என்னும் பொருள் தரும் ‘ஸ்தித’ என்ற எச்சத்திலிருந்து வந்தது. அதனால் ‘தா, தே, தீ’ என்று மாறும். ‘ஹை’ உண்மையான பழைய வினைமுற்றின் வாரிசு; அதனால் யாருக்கும் வளையாது. ‘லட்கா ஹை’, ‘லட்கீ ஹை’. எதிர்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘ஜாயேகா’வில் ‘ஜாயே’ பழைய வினை, பெண்ணுக்கும் அதேதான். பின்னால் ஒட்டிய ‘கா’ மட்டும் ‘கத’ எச்சத்தின் மிச்சம், அது ‘ஜாயேகீ’ என்று மாறும். ஒரே சொல்லுக்குள் லிங்கம் இல்லாத பாதியும் லிங்கம் உள்ள பாதியும்!

1981இல் வந்த பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’ படத்தில் இந்தி டியூஷன் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. ‘ரஹ்தா தா’ என்பதை ‘ரகு தாத்தா’ என்றே சொல்லும் அந்த நகைச்சுவை பின்னர் ஒரு தனிப் படத்துக்கே தலைப்பாயிற்று. வசித்துவந்தான் என்று பொருள்படும் அந்த இரண்டு சொல்லிலும் ஈற்றில் நிற்கும் ‘ஆ’ இரண்டும் லிங்கத்தின் குறிகள். அந்த டியூஷன் பாடத்தின் கதையில் வந்த விவசாயி பெண்ணாக இருந்திருந்தால் ‘ரஹ்தீ தீ’ என்றாகியிருக்கும். தாத்தா வந்திருக்கவே மாட்டார்.

‘நே’ என்ற உருபு வரும்போது லிங்கம் இன்னொரு கரணம் போடுகிறது. ‘லட்கீ நே ஆம் காயா’ என்றால் சிறுமி மாம்பழம் தின்றாள். தின்றது பெண், ஆனால் வினை ‘காயா’ என்று ஆண்பாலில் நிற்கிறது. ஏனென்றால் ‘ஆம்’ என்ற மாம்பழம் புல்லிங். பையன் ரொட்டி தின்றால் ‘லட்கே நே ரோட்டீ காயீ’. இந்திப் பிரசார சபைத் தேர்வு எழுதியவர்கள் அஞ்சும் விதி இது. ‘காயா’வும் எச்சம்தான், ‘தின்னப்பட்ட’ என்ற பொருளில் பிறந்தது, அதனால் தின்னப்பட்ட பொருளுக்கே அடையாக நிற்கிறது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் அச்சம் பெரும்பாலும் போய்விடும். பல கையேடுகள் இதைச் சொல்வதில்லை.

இனிப் பெயர்ச்சொற்களுக்குத் திரும்புவோம். வடமொழியின் மூன்று லிங்கங்களில் நபும்சகம் இந்திக்கு வந்து சேரவில்லை. ‘நபும்சக’ என்ற சொல்லுக்கே ‘ஆண் அல்லாதது’ என்பதுதான் பொருள். மராத்தியும் குஜராத்தியும் மூன்றையும் காப்பாற்றிக்கொண்டன. கிழக்கே வங்காளியும் ஒடியாவும் மூன்றையுமே உதறிவிட்டன. இந்தி நடுவில் நின்று இரண்டை வைத்துக்கொண்டது. வீடிழந்த நபும்சகச் சொற்களில் பெரும்பாலானவை ஆண் பக்கம் போயின. ‘ஈ’யில் முடிந்தால் பெண்பால் என்று விதி சொல்லிவிட்டு, பானீ, கீ, தஹீ, மோத்தீ இவை மட்டும் விலக்கு என்று பாடநூல்கள் பட்டியல் போடுகின்றனவே, அவற்றின் மூலத்தைப் பாருங்கள். நீரான ‘பானீய’, நெய்யான ‘க்ருத’, தயிரான ‘ததி’, முத்தான ‘மௌக்திக’ நான்கும் வடமொழியில் நபும்சகம். அவற்றின் ‘ஈ’ பெண்பால் விகுதியாக வந்ததன்று. ஒலிகள் தேய்ந்து தற்செயலாக எஞ்சியது. உண்மையான பெண்பால் ‘ஈ’ வேறு வழியில் வந்தது. ‘கோடக’ என்ற குதிரைச் சொல்லின் ஆண்பால் தேய்ந்து ‘கோடா’, பெண்பால் ‘கோடிகா’ தேய்ந்து ‘கோடீ’.

‘ஆ’வில் முடிந்தால் ஆண் என்ற விதியும் இப்படித்தான் தடுக்கும். மக்கள் வாயில் தேய்ந்து வந்த ‘ஆ’ ஆண்பால். வடமொழியிலிருந்து தேயாமல் எடுத்த ‘ஆசா’, ‘பாஷா’, ‘சபா’ எல்லாம் பெண்பால். சொல் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் விதி செல்லும்.

வழியில் கட்சி மாறியவையும் உண்டு. வடமொழியில் ஆணாக இருந்த ‘அக்னி’, ‘வாயு’, ‘ஆத்மா’ இந்தியில் பெண். பெண்ணாக இருந்த ‘தேவதா’, ‘தாரா’, ‘வ்யக்தி’ ஆண். ‘புஸ்தக்’ பெண்பால் ஆனதற்குப் பக்கத்தில் ‘கிதாப்’ இருந்தது காரணம் என்பார்கள். அந்தக் ‘கிதாப்’போ தாய்மொழியான அரபியில் ஆண்பால். ‘ஜய்’யும் இந்தக் கூட்டம்தான். வடமொழியில் ‘ஜய’ ஆண்பால். இந்தியில் வெற்றியைச் சொல்லும் ‘ஜீத்’, அரபி வழிவந்த ‘ஃபத்தஹ்’ இரண்டும் பெண்பாலாகப் புழங்க, ‘ஜய்’யும் அந்தப் பக்கம் சாய்ந்தது போலும். வடமொழியின் லிங்கம் அப்படியே நின்றிருந்தால் நம் தாத்தாக்கள் ‘காந்தி கா ஜே’ என்றுதான் கூவியிருப்பார்கள்.

அளவைக் காட்டவும் இந்தி லிங்கத்தைப் பயன்படுத்துகிறது. ‘கண்டா’ பெரிய மணி, ‘கண்டீ’ சிறிய மணி. ‘ரஸ்ஸா’ வடம், ‘ரஸ்ஸீ’ கயிறு. ‘கடோரா’ பெரிய கிண்ணம், ‘கடோரீ’ சின்னது. நம் வீட்டு டப்பாவும் டப்பியும் இந்த வகை இணைதான். லிங்கத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். மீசை, தாடி இரண்டும் இந்தியில் பெண்பால் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைப்பார். போலீசும் படையும்கூடப் பெண்பால்.

இதையெல்லாம் இலக்கணமாக எழுத வந்தவர்களில் முற்பட்ட ஒருவருக்கு நம் கடற்கரையோடு தொடர்புண்டு. 1719இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னையில் பணிசெய்த ஜெர்மானியப் பாதிரியார் பெஞ்சமின் ஷுல்ட்சே லத்தீனில் எழுதிய இந்துஸ்தானி இலக்கணம் 1745இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. மேசைக்கும் நாற்காலிக்கும் பால் சொல்லிப் பழகிய ஜெர்மானியருக்கு இது புதிராக இருந்திருக்காது. இந்தியிலேயே இந்திக்கு விரிவான இலக்கணம், 1893இல் தொடங்கப்பட்ட காசி நாகரி பிரசாரிணி சபையின் வெளியீடாக 1920இல் வந்தது. எழுதியவர் காமதா பிரசாத் குரு. லிங்கத்துக்குத் தனி அத்தியாயம் வைத்தார். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1918இல், சென்னையில் காந்தி தொடங்கிவைத்த இந்திப் பிரசார இயக்கத்தில் அவர் மகன் தேவதாஸ் முதல் ஆசிரியராகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

தமிழில் கற்பித்தவர்களுக்கு ‘லிங்க்’குக்கு ஈடாகப் ‘பால்’ கிடைத்தது. ‘பால்’ என்றால் பகுப்பு. அதில் உடல் இல்லை. மொழிபெயர்ப்பில் சிக்கலை உண்டாக்கியது முன்னால் ஒட்டிய ஆணும் பெண்ணும்தான். தொல்காப்பியர் இந்த இடத்தில் வேறொரு சொல்லாட்சி வைத்திருக்கிறார்: ஆடூஉ அறிசொல், மகடூஉ அறிசொல். ஆண் என்று அறிவிக்கும் சொல், பெண் என்று அறிவிக்கும் சொல். அறிவிப்பது ஈற்றெழுத்து என்று அடுத்தே சொல்கிறார். ‘லிங்க’ என்பதன் உட்பொருளுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்றுதான். தமிழின் அறிசொல் உலகத்தில் இருக்கும் ஆணையும் பெண்ணையும் அறிவிக்கிறது. இந்தியின் குறி பெரும்பாலும் பக்கத்துச் சொல்லை மட்டுமே அறிவிக்கிறது.

புதிதாக வரும் சொல்லுக்கு இந்தி எப்படிக் குறி போடுகிறது என்பதைப் போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற சாமான்களில் பார்க்கலாம். அவர்கள் மொழியில் ‘காமரா’ என்ற அறை பெண்பால். இந்தியில் ‘கம்ரா’ என்று ஈறு ‘ஆ’வாக ஒலித்ததால் ஆண். அவர்கள் ‘அர்மாரியோ’ ஆண்பால். ‘அல்மாரீ’ ஆனதும் ஈகாரத்தால் பெண். அதே அலமாரி தமிழுக்கும் வந்தது. நாம் ‘அது’ என்று சொல்லி மூலையில் வைத்துவிட்டோம். ஆங்கிலத்திலிருந்து போன ‘ட்ரெயின்’ பெண்பால். ‘காடீ’ என்ற பழைய வண்டியின் லிங்கம் அதற்கு ஒட்டியது. ‘ட்ரக்’ அந்த வண்டியில் ஏறாமல் ஆணாகவே ஓடுகிறது. தயிர் இன்னும் முடிவாகவில்லை. இலக்கணம் ‘தஹீ கட்டா ஹை’ என்று ஆணாகப் புளிக்க வைக்கிறது. பீகார்ப் பக்கம் ‘கட்டீ ஹை’ என்று பெண்ணாகப் புளிக்கிறது.

தெற்கிலிருந்து போனவையும் தப்பவில்லை. தில்லியில் எந்த உடுப்பி ஓட்டலிலும் கேட்கலாம்: இட்லி ‘அச்சீ ஹை’, தோசை ‘அச்சா ஹை’. இட்லியின் இகரம் நீண்டு அது ஸ்த்ரீலிங் ஆயிற்று. தோசை ‘டோசா’ என்று ஒலித்ததால் புல்லிங். வடை ‘வடா’ ஆகித் தோசையோடு சேர்ந்துகொண்டது. சாம்பாரின் ஈற்றில் ‘ஆ’வும் இல்லை, ‘ஈ’யும் இல்லை. அதையும் ஆண் பக்கமே வைத்துவிட்டார்கள்.